சபானுக்கு ஒரு சிலை

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் திகனவில் எவரும் நாட்காட்டியைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. 5 ஆம் திகதி என்றால் என்னவென்று ஊருக்கே தெரியும். அதே மாதத்தின் 21 ஆம் திகதி இலங்கைப் பொலிசாருக்கு உரியது. கடமையின்போது உயிர்நீத்த பொலிஸ் உத்தியோகத்தர்களை நாடு அன்றைய தினம் நினைவுகூருகிறது. இரு திகதிகளுக்கும் இடையில் பதினாறு நாட்கள். அந்தப் பதினாறு நாட்களைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

எண்ணத்துக்குத் தூண்டுகோலாக அமைந்தவர் ராஜவெல்லையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஒரு மாலைப் பொழுதில் அவரது வீட்டு விறாந்தையில் அமர்ந்து உரையாடிக் கொண்டிருந்தோம். வெளிநாட்டு நகரமொன்றில் உள்ளூர்ப் பொலிசாரைக் கௌரவித்து நிறுவப்பட்ட சிற்பத்தின் படம் அன்றைய பத்திரிகையில் வெளியாகியிருந்தது. அதை நெடுநேரம் உற்றுப் பார்த்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, நம்ம திகன சந்தியில பொலிசுக்கு இப்படி ஒரு சிலை வச்சா, மாலை போட யாராச்சும் வருவாங்களா?"

"தெரியல்ல சேர்" என்று மட்டுமே அன்று சொல்ல முடிந்தது. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டபோது வரலாறு என்னைக் கண்டிக்கு மேற்கே, உதுவன்கந்த மலைக்கு அழைத்துச் சென்றது.

உதுவன்கந்தையில் விழுந்த முதல் உயிர்

கொழும்பிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் வருபவர்கள் கேகாலையைத் தாண்டி மாவனல்லையை அண்மிக்கும்போது வீதிக்கு அருகே பாறை மலையொன்றைக் காண்பார்கள். அதுவே உதுவன்கந்த. 1860 களின் முற்பகுதியில் அந்த மலையின் பெயரைக் கேட்டாலே வண்டிக்காரர்கள் நடுங்கினார்கள். அப்போது கண்டிக்குப் புகையிரதம் இல்லை. அது வந்து சேர்ந்தது 1867 இல்தான். மலைநாட்டுக் கோப்பி துறைமுகத்துக்கு இறங்கியதும், துறைமுகத்திலிருந்து அரிசியும் துணியும் பணமும் மலைநாட்டுக்கு ஏறியதும் பெரும்பாலும் இந்த ஒரே வீதியினால்தான். மாட்டு வண்டிகளும் தபால் வண்டிகளும் ஊர்ந்து செல்லும் அந்த வீதியை மேலிருந்து பார்த்துக் கொண்டிருந்தான் சரதியல்.

சரதியலின் கூட்டாளிகளுள் மிக நெருக்கமானவன் மம்மாலே மரிக்கார். சிங்களவன் ஒருவனும் முஸ்லிம் ஒருவனும் சேர்ந்து நடத்திய கொள்ளை அது. இவர்களைப் பிடிப்பதற்கு அரசாங்கம் பல தடவை முயன்றது. கேகாலையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த சோண்டர்ஸின் தலைமையில் தேடுதல் தீவிரமடைந்தது. 1864 மார்ச் 21 ஆம் திகதி இருவரும் பதுங்கியிருந்த வீட்டைப் பொலிசார் சுற்றி வளைத்தனர். அங்கு நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் சபான் என்ற கொன்ஸ்டபிள் உயிரிழந்தார்.

கடமையின்போது கொல்லப்பட்ட முதலாவது உத்தியோகத்தராக இலங்கைப் பொலிஸ் திணைக்களம் இவரையே கொள்கிறது. மார்ச் 21 பொலிஸ் வீரர்கள் தினமாகியதும் இவரால்தான். துவான் சபான் ஒரு மலாய் இனத்தவர்; இஸ்லாமியர். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் இங்கு வந்து சேர்ந்த மக்களின் வழித்தோன்றல். ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயர்கள் சிலோன் ரைபிள் படையணியில் பெருமளவில் சேவையாற்றினர். 1873 இல் அப்படையணி கலைக்கப்பட்டபோது அவர்களில் பலர் பொலிஸ் சேவையில் சேர்ந்தனர். கொழும்பு கொம்பனித்தெருவிலுள்ள மலே வீதி, ரைபிள் வீதி என்ற பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சங்கள்.

அன்றைய நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது வேறொன்று. தங்கள் தோழர் கண்முன்னே சுடப்பட்டு வீழ்ந்தபின்னரும் அவர்கள் சரதியலையும் மரிக்காரையும் உயிருடன் பிடித்தனர். மலையடிவாரத்தில் வைத்துச் சுட்டுவிட்டு, தப்பியோட முயன்றபோது இறந்தார்கள் என்று அறிக்கை எழுதியிருக்கலாம். அந்தக் காலத்தில் கேட்பாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் இருவரும் கண்டிக்குக் கொண்டுவரப்பட்டனர். நீதிபதியும் ஜூரர்களும் விசாரித்தனர். குற்றம் நிரூபிக்கப்பட்டு, 1864 மே 7 ஆம் திகதி கண்டியில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர். சபான் இறந்து நாற்பத்தேழாவது நாள். அந்த வழக்கு இன்றைய அளவுகோலுக்கு அவசரமானதாகத் தோன்றலாம். மரண தண்டனை குறித்து நம்மில் பலருக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். எனினும் பழிவாங்கும் பொறுப்பைப் பொலிஸ் தன் கையில் எடுக்கவில்லை என்ற உண்மை மாறாது.

அடுத்த இரண்டாண்டுகளில் நாட்டின் பொலிஸ் சேவை சீரமைக்கப்பட்டது. இந்தியாவில் அனுபவம் பெற்ற ஜோர்ஜ் வில்லியம் ரொபர்ட் கெம்பல் 1866 செப்டம்பர் 3 ஆம் திகதி பொலிஸ் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1867 இல் முதலாவது பொலிஸ் மா அதிபரானார். செப்டம்பர் 3 இன்றும் பொலிஸ் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதாவது, திணைக்களம் தன் பிறந்தநாளாகக் கொள்ளும் நாளுக்கு முன்னரே அதன் தியாகிகள் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது.

கள்வனுக்குச் சிலைகள், காவலனுக்கு ஒரு நாள்

பின்னாளில் நிகழ்ந்தது வேடிக்கையானது. மக்கள் நினைவில் நிலைத்தவன் சரதியலே. பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்ற புகழ் அவனைச் சூழ்ந்து வளர்ந்தது. இங்கிலாந்துக்கு ஒரு ரொபின் ஹூட் போல இலங்கைக்கு ஒரு சூர சரதியல். அவனைப் பற்றிக் கதைகள், நாடகங்கள், படங்கள் தோன்றின. உதுவன்கந்தவுக்கு அருகே சரதியல் கிராமம் என்ற பெயரில் ஆளுயரச் சிலைகளுடன் அக்காலக் கிராம வாழ்வைக் காட்டும் காட்சித் தலமே உருவாகியிருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகள் பஸ்களில் வந்து பார்த்துச் செல்கிறார்கள்.

சபானின் பெயரைக் கேட்டால் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? பிள்ளைகளை விடுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் குப்பை கொட்டிய எனக்கே அவரது பெயர் நாற்பது வயதில்தான் தெரிய வந்தது. மார்ச் 21 ஆம் திகதி நிகழ்வை ஆண்டுதோறும் நான்கு வரிச் செய்தியாகச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த நாள் ஏன் 21 ஆக இருக்கிறது என்று ஒரு முறையேனும் கேட்டதில்லை. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகவே இருக்கிறது.

ஆட்சிக்கு எதிராக நின்றவனை மக்கள் பாடுவதும், ஆட்சியின் சீருடையை அணிந்தவனை மறப்பதும் உலக வழக்கம். ஆயினும் அதை வெறும் வழக்கமென்று தள்ளிவிட முடியாது என்பதற்கு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு சான்று இருக்கிறது.

கை உயர்த்திய சிலையின் கதை

எட்டு மணிநேர வேலை கோரித் தொழிலாளர் போராடிய காலத்தில், 1886 மே 4 ஆம் திகதி இரவு, சிகாகோவின் ஹேமார்க்கெட் பகுதியில் நடந்த கூட்டத்தைக் கலைக்கப் பொலிசார் வந்தனர். யாரோ ஒருவர் குண்டு வீசினார். பொலிசார் இருளில் சரமாரியாகச் சுட்டனர். ஏழு பொலிசார் உயிரிழந்தனர், பொதுமக்களும் மாண்டனர். குண்டு வீசியவர் யாரென்று கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. எனினும் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவர்களில் நால்வர் 1887 நவம்பரில் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய மூவரையும் 1893 இல் மாநில ஆளுநர் ஓல்ட்கெல்ட் மன்னித்து விடுதலை செய்தார். விசாரணை நியாயமாக நடைபெறவில்லை என்பதே அவர் கூறிய காரணம்.

இறந்த பொலிசாருக்காக 1889 இல் அங்கு வெண்கலச் சிலையொன்று நிறுவப்பட்டது. சிற்பி யொஹான்னஸ் கெலர்ட். வலது கையை உயர்த்தி அமைதிக்குக் கட்டளையிடும் பொலிஸ்காரரின் உருவம். அந்தச் சிலை பட்ட பாடு கொஞ்சமல்ல. 1927 இல், அதே மே 4 ஆம் திகதியில், டிராம் வண்டியொன்று தண்டவாளத்தை விட்டு விலகி அதன்மீது மோதியது. 1969 அக்டோபரில் தீவிரவாத இளைஞர்கள் வெடி வைத்துத் தகர்த்தனர். மீண்டும் நிறுத்தினார்கள், 1970 அக்டோபரில் மீண்டும் தகர்க்கப்பட்டது. பின்னர் இரவு பகலாகச் சிலைக்குப் பொலிஸ் காவல் போட வேண்டியதாயிற்று. காவலரைப் போற்ற வைத்த சிலைக்கே காவல்! இறுதியில் 1972 இல் அதைத் தெருவிலிருந்து அகற்றிப் பொலிஸ் தலைமையகத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்த ஏழு பொலிசாரும் யார்? கூலி வாங்கிக் குடும்பம் நடத்திய சாதாரண மனிதர்கள். அவர்களுடைய மரணம் பொய்யல்ல. அவர்களுக்கு நினைவுச் சின்னம் கூடாதென்று நியாயமுள்ள எவரும் சொல்ல மாட்டார்கள். அப்படியிருந்தும் சிலை தெருவில் நிற்க முடியாமற் போனதற்குக் காரணம், அவர்களின் பெயரால் பின்னர் செய்யப்பட்ட அநீதி. 2004 இல் அந்த இடத்தில் மேரி ப்ரோகர் வடித்த புதிய சிற்பம் நிறுவப்பட்டது. அன்று பேச்சாளர்கள் மேடையாகப் பயன்படுத்திய வண்டியும், அதைச் சுற்றி முகமற்ற மனித உருவங்களுமே அதில் உள்ளன. அதன் திறப்பு நிகழ்வில் பொலிசாரும் தொழிற்சங்கத்தினரும் கலந்துகொண்டனர். நூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின அதற்கு.

நமது பக்கத்துக் கணக்கு

சிகாகோவின் கதை தமிழ் வாசகர்களுக்குத் தொலைவில் உள்ளதன்று. 1981 மே 31 ஆம் திகதி மாலை யாழ்ப்பாணம் நாச்சிமார் கோவிலடியில் தேர்தல் கூட்டமொன்றில் கடமையிலிருந்த பொலிசார் சுடப்பட்டனர். அவர்களுள் இருவர் உயிரிழந்தனர். அன்றிரவு தொடங்கிய வெறியாட்டத்தில் கடைவீதி எரிந்தது. பத்திரிகை அலுவலகம் எரிந்தது. ஜூன் 1 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள் சாம்பலாயின. வெளியிடங்களிலிருந்து அங்கு குவிக்கப்பட்டிருந்த பொலிசார் மீதே அந்தப் பழி விழுந்தது.

நூலகம் எரிந்த திகதியைத் தமிழ்க் குழந்தைகளும் அறிவார்கள். அதற்கு முதல்நாள் சுடப்பட்டு இறந்த அந்த இரண்டு பொலிசாரை யார் நினைக்கிறார்கள்? அவர்களுக்கும் தாய் இருந்திருப்பாள். அவர்களுடைய மரணமும் கொலைதான். ஆனால் பழிவாங்கப் புறப்பட்டவர்கள் நூலகத்தோடு சேர்த்துத் தங்கள் தோழர்களின் நினைவையும் எரித்துவிட்டார்கள்.

நம்மிடமும் ஒரு தயக்கம் இருக்கிறது. அதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 1978 ஏப்ரல் 7 ஆம் திகதி முருங்கன் பகுதிக் காட்டில் இன்ஸ்பெக்டர் பஸ்தியாம்பிள்ளையும் அவருடன் சென்றவர்களும் கொல்லப்பட்டனர். இறந்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். 1990 ஜூன் மாதத்தில் கிழக்கு மாகாணத்தில், சரணடைந்த பின்னர் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்ட பொலிசார் அறுநூறுக்கும் மேற்பட்டோர் என்று சொல்லப்படுகிறது. அவர்கள் சிங்களவரும் முஸ்லிம்களும். ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களைக் கொன்றதற்கு எந்த நியாயமும் இல்லை. தமிழில் அவர்களுக்காக எழுதப்பட்ட வரிகள் மிகச் சில. எழுதாதவர்களில் நானும் ஒருவன்.

கடமையின்போது மாண்ட இலங்கைப் பொலிசாரின் தொகை மூவாயிரத்துக்கும் அதிகம். 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் பொலிஸ் நிலையங்களில் இறந்தவர்கள், 1980 களின் இறுதியில் தெற்கில் கொல்லப்பட்டவர்கள், வடக்குக் கிழக்குப் போரில் வீழ்ந்தவர்கள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. எல்லா இனத்துப் பெயர்களும் அதில் உண்டு. முதற் பெயர் சபானுடையது.

2018 மார்ச் 5

இப்போது திகனவுக்குத் திரும்புவோம். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கிய பிறகு வளர்ந்து பெருகிய ஊர்களில் திகனவும் ஒன்று. சிங்களவர், முஸ்லிம்கள், தோட்டத் தமிழர் என்று மூவினத்தாரும் ஒரே சந்தியில் மரக்கறி வாங்கும் ஊர்.

2018 பெப்ரவரி 22 ஆம் திகதி தெல்தெனியவில் சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர்கள் நால்வர் தாக்கினர். மார்ச் 3 ஆம் திகதி அவர் மருத்துவமனையில் இறந்தார். தாக்கியவர்கள் கைது செய்யப்பட்டிருந்தனர், வழக்கு நீதிமன்றத்துக்குரியது. எனினும் 5 ஆம் திகதி திகனவில் திரண்ட கும்பல் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கித் தீயிட்டது. எரிந்த வீட்டுக்குள் ஓர் இளைஞர் பிணமாகக் கிடந்தார். அடுத்த நாள் நாடு முழுவதற்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு. சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. வெறுப்புப் பரவுவதற்குத் தமது தளம் பயன்பட்டமைக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 இல் வருத்தம் தெரிவித்தது.

கண்டிக்கு இது முதல் அனுபவமன்று. 1915 மே மாத இறுதியில், வெசாக் நாளிரவு, கண்டிக் காசில் வீதிப் பள்ளிவாசல் முன்பாக ஊர்வலமொன்று தொடர்பில் மூண்ட மோதலே நாடெங்கும் பரவிய முஸ்லிம் விரோதக் கலவரமாயிற்று. அன்றும் பொலிஸ் தடுக்கத் தவறியது. பின்னர் இராணுவச் சட்டத்தின் கீழ் அளவுமீறிய அடக்குமுறை வந்தது.

2018 இல் எழுந்த குற்றச்சாட்டு அதைவிடக் கனமானது. கும்பலைப் பொலிசார் உரிய வேளையில் தடுக்கவில்லை என்பதோடு, பொலிசாரும் விசேட அதிரடிப் படையினரும் சில இடங்களில் முஸ்லிம்களையே தாக்கினார்கள் என்று பாதிக்கப்பட்டோர் கூறினர். கண்காணிப்புக் கெமராக் காட்சிகளும் செய்தி நிறுவனங்களில் வெளியாகின.

ஊரடங்கு தளர்ந்த பின்னர் செய்தி சேகரிக்கச் சென்று திகன சந்தியில் நின்றேன். எரிந்த பிளாஸ்டிக் நாற்றம் மழையிலும் போகவில்லை. தகரம் சுருண்டு கிடந்த ஒரு கடையின் முன்னால் இளம் கொன்ஸ்டபிள் ஒருவர் காவலுக்கு அமர்த்தப்பட்டிருந்தார். வேறு மாவட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவர். இருபத்திரண்டு வயதுக்கு மேலிராது. கடைக்குச் சொந்தக்காரரான முதியவர் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். வாங்கிக் குடித்த அந்தப் பிள்ளை முதியவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. அவர் செய்யாத குற்றம் அவருடைய தோளிலும் இருந்தது. அந்தக் காட்சியை அன்று நான் செய்தியில் எழுதவில்லை. அது செய்தியாகத் தோன்றவில்லை.

ஆசிரியருக்கு என் பதில்

சில மாதங்களுக்கு முன் அதே கடைக்குப் போயிருந்தேன். இப்போது புதிய கூரை, புதிய அலுமாரிகள். பேச்சுவாக்கில் முதியவரிடம் சபானின் கதையைச் சொன்னேன். பொலிசாரின் பட்டியலில் முதற் பெயர் ஒரு மலாய் முஸ்லிமுடையது என்று கேட்டதும் தராசுத் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"அப்படியா தம்பி? இவ்வளவு காலமா எங்களுக்கு யாரும் சொல்லலியே..." என்றவர், சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "அவர சுட்டவங்கள என்ன செஞ்சாங்க?"

"உயிரோடு பிடித்துக் கண்டிக்குக் கொண்டுவந்து வழக்குத் தொடர்ந்தார்கள்" என்றேன்.

"ஆ... கோர்ட்டுக்குக் கொண்டு வந்தாங்களே. அதத்தான் நாங்களும் கேட்டோம்."

ஆசிரியரின் கேள்விக்கான விடை அந்த முதியவரின் வாயிலிருந்து வந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன். இறந்த பொலிஸ்காரருக்கு நினைவுச் சின்னம் எழுப்புபவர் சிற்பி மட்டுமல்லர். உயிரோடு இருக்கும் பொலிஸ்காரர்கள் ஒவ்வொரு நாளும் அதைக் கட்டுகிறார்கள், அல்லது உடைக்கிறார்கள். உதுவன்கந்தையில் சபானின் தோழர்கள் கட்டினார்கள். சிகாகோவிலும் யாழ்ப்பாணத்திலும் உடைந்தது. திகனவில் 2018 மார்ச் 5 ஆம் திகதி மாலைக்கு முன்னரே மூவாயிரம் பேரின் நினைவுக் கல்லில் ஒரு பெரிய கீறல் விழுந்துவிட்டது.

டில்லி சாணக்கியபுரியில் 2018 அக்டோபர் 21 ஆம் திகதி திறந்து வைக்கப்பட்ட தேசியப் பொலிஸ் நினைவகத்தின் நடுவே முப்பதடி உயரக் கருங்கல் ஒன்று நிற்கிறது. அதில் முகமில்லை, உயர்த்திய கையுமில்லை. அருகிலுள்ள சுவரில் 34,000 க்கும் மேற்பட்ட பெயர்கள். 1959 இல் இதே திகதியில் லடாக்கின் ஹொட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரின் தாக்குதலில் பத்துப் பொலிசார் இறந்ததை நினைவுகூரும் நாள் அது. பெயர்களைப் பொறிப்பது நல்ல முறையென்றே எனக்குப் படுகிறது. பெயரை வாசிப்பவன், இறந்தவன் எந்த ஊர்ப் பிள்ளை, எந்தத் தாயின் மகன் என்று எண்ணிப் பார்ப்பான்.

திகன சந்தியில் என்றேனும் பொலிசாருக்கு ஒரு சிலை எழுமானால் அது சபானுடையதாக இருக்கட்டும். துப்பாக்கியின்றி, கட்டளையிடும் கையின்றி, சாதாரண கொன்ஸ்டபிளாக நிற்கட்டும். அடியில் மூன்று மொழிகளிலும் அவர் பெயரும், 1864 மார்ச் 21 என்ற திகதியும், அவரைக் கொன்றவர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள் என்ற ஒரு வரியும் இருந்தால் போதும்.

மாலை போட ஆள் வருமா என்று கேட்டீர்களே, சேர். திகனவில் கடை எரித்தவர்களுக்கும் கைகட்டி நின்றவர்களுக்கும் எதிரான வழக்குகள் ஒழுங்காக நடந்து முடிந்தால், முதல் மாலையை அந்தக் கடைக்கார முதியவரே கொண்டுவருவார் என்று நம்புகிறேன். இரண்டாவதை நாமிருவரும் கொண்டு போவோம்.